ஆங்கிலத்திற் சொல் மரியாதை

தமிழிலே ஒருவரை அழைக்க விரும்புபவர் வாய் திறப்பதற்கு முன்னரே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ‘வா’ என்பதா, ‘வாரும்’ என்பதா, ‘வாருங்கள்’ என்பதா என்பதே அம்முடிவு. வயது, உறவு, கல்வி, பதவி, பழக்கம் ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லின் விகுதியிலே நிறுக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடையில் ‘நீர்’ என்னும் படி ஒன்று இன்னும் நிலைத்திருக்கிறது. எந்தப் படியில் நிற்பது என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே அறிந்துகொள்ளும் தமிழர், ஆங்கிலம் கற்கப் புகும்போது வியப்படைவது இயல்பு. அங்கே ஆசிரியருக்கும் ‘யூ’, ஏவலாளருக்கும் ‘யூ’, வீட்டு நாய்க்கும் ‘யூ’. இம்மொழியில் மரியாதை என்பதே இல்லையோ என்னும் ஐயம் எழுகின்றது. ‘பிளீஸ்’ என்னும் சொல்லை ஏவல் வினையோடு ஒட்டிவிட்டால் அக்குறை தீர்ந்துவிடும் என்று கருதுவோரும் உளர்.

உண்மை அதுவன்று. ஆங்கிலத்தில் மரியாதை உண்டு. அது குடியிருக்கும் இடமே வேறு. தமிழிலே விகுதியில் வாழும் மரியாதை, ஆங்கிலத்திலே பெரும்பாலும் வினாவில் வாழ்கின்றது. ஒருவருக்கு யோசனை ஒன்றைக் கூறும்போது, அதனை ஏற்கவும் தள்ளவும் அவருக்கு எவ்வளவு இடம் விடப்படுகின்றது என்பதே அம்மொழியில் மரியாதையின் அளவுகோல். இந்நிலை ஒரு நாளில் வந்ததன்று. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீயும் நீங்களும் இருந்தன. அவை மறைந்த கதையை அறிந்தால், இன்றைய ஆங்கிலேயர் ‘செய்யுங்கள்’ என்று கூறுவதற்குப் பதிலாக ‘செய்வீர்களோ’ என்று சுற்றி வளைப்பதன் பொருள் விளங்கும்.

பழைய ஆங்கிலத்திலே ஒருவரைச் சுட்டுவது ‘தூ’. பலரைச் சுட்டுவது ‘யே’. இவை ஒருமையும் பன்மையுமேயன்றி உயர்வும் தாழ்வும் அல்ல. அரசனை முன்னிலைப்படுத்திப் பேசினும், அவன் ஒருவனாதலின் ‘தூ’ என்றே பேசினர். 1066ஆம் ஆண்டில் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அரசவையின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. பெரியோர் ஒருவரையே பன்மையாற் சுட்டும் வழக்கம் பிரெஞ்சில் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலாக அவ்வழக்கம் ஆங்கிலத்திலும் புகுந்தது. ‘தூ’ என்பது ‘தௌ’ என்று ஒலிக்கலாகி, தாழ்ந்தோர்க்கும் நெருங்கியோர்க்கும் இறைவனுக்கும் உரிய சொல்லாயிற்று. பன்மைச் சொல்லாகிய ‘யூ’ உயர்ந்தோர்க்கு உரியதாயிற்று. தமிழர் நன்கறிந்த அமைப்பே இது.

மரியாதை அமைப்பொன்று தோன்றியவுடன் அதனைக் கற்பிக்கும் நூல்களும் தோன்றுதல் இயற்கை. 1476ஆம் ஆண்டில் வெஸ்ட்மினிஸ்டரில் அச்சகம் நிறுவிய வில்லியம் கக்ஸ்டன், சில ஆண்டுகளுக்குள்ளேயே நல்லொழுக்க நூலொன்றையும், பிரெஞ்சும் ஆங்கிலமும் அருகருகே அமைந்த உரையாடல் நூலொன்றையும் அச்சிட்டார். வணிகர் ஒருவரையொருவர் எவ்வாறு வணங்குவது, எவ்வாறு விடைபெறுவது என்பனவற்றை இரண்டாம் நூல் கற்பித்தது. மறுமொழி கூறும் நயத்தை ஏட்டிலே கற்கும் வழக்கம் அச்சுக் கலையோடு ஒட்டிப் பிறந்தது எனலாம்.

சொல்லிலே உயர்வு தாழ்வு ஏறிவிட்டால், அதுவே ஆயுதமாகவும் பயன்படும். 1603ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அரச துரோகக் குற்றம் சாட்டப்பட்ட சேர் வோல்ட்டர் ராலியின் வழக்கு வின்செஸ்டர் நகரில் நடைபெற்றது. அரச தரப்பிற் பேசிய சட்டமா அதிபர் எட்வேர்ட் கோக், அம்மன்றத்திலே ராலியை ‘தௌ’ என்று சுட்டியதோடு அமையாது, தாம் அவ்வாறு சுட்டுவதை எடுத்துச் சொல்லியும் இழிவுபடுத்தினார். மகாராணி எலிசபெத்தின் அன்புக்குப் பாத்திரமாயிருந்த வீரர் ஒருவரை, ஒரு பிரதிப்பெயரால் மன்றத்தின் நடுவே நிலத்தில் வீழ்த்த முடிந்தது. அதற்குச் சிறிது காலத்தின் முன் ஷேக்ஸ்பியர் இயற்றிய ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்திலும், எதிரிக்குச் சண்டை அழைப்பு எழுதும் ஒருவனுக்கு, அவனை மும்முறை ‘தௌ’ என்று விளித்துவிடுமாறு நண்பன் யோசனை கூறுகின்றான். மூன்று முறை ‘நீ’ போட்டாற் போதும், வாள் உருவுதற்குக் காரணம் கிடைத்துவிடும் என்பது அக்கால மக்கள் அறிந்த செய்தி.

இவ்வமைப்பை எதிர்த்து எழுந்தவர்கள் குவேக்கர் எனப்பட்ட சமயத்தினர். அவர்களுடைய தலைவர் ஜோர்ஜ் பொக்ஸ் 1624ஆம் ஆண்டிற் பிறந்தவர். கடவுளையே ஒருமையில் விளிக்கும்போது மனிதருக்கு மட்டும் பன்மை எதற்கு என்பது அக்கூட்டத்தாரின் கொள்கை. செல்வர், ஏழை, நீதிபதி, பிரபு யாவரையும் அவர்கள் ‘தௌ’ என்றே விளித்தனர். எவர் முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். 1660ஆம் ஆண்டிலே பொக்ஸும் அவருடைய துணைவர் இருவரும் பெருநூல் ஒன்றை வெளியிட்டு, பல மொழிகளிலும் ஒருவரை ஒருமையாற் சுட்டுவதே முறை என்று நிறுவ முயன்றனர். இதற்காக அவர்கள் பட்ட அடியும் உதையும் சிறையும் பல. தோமஸ் எல்வூட் என்னும் இளைஞர் குவேக்கராகித் தந்தையின் முன் தொப்பியோடு நின்று அவரை ‘தௌ’ என்று விளித்தபோது, தந்தை கைமுட்டியால் அவரை அடித்தார்.

அந்த எல்வூட்டின் வாழ்க்கையிலேயே, ஆங்கில இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற யோசனை ஒன்றும் அமைந்திருக்கிறது. கண்பார்வை இழந்திருந்த கவிஞர் மில்டனுக்கு அவர் இலத்தீன் நூல்களைப் படித்துக் காட்டி வந்தார். 1665ஆம் ஆண்டிலே இலண்டனிற் கொள்ளைநோய் பரவியபோது, சல்பொன்ட் சென்ற் ஜைல்ஸ் என்னும் சிற்றூரில் மில்டனுக்கு ஒரு வீடு ஒழுங்கு செய்து கொடுத்தவரும் அவரே. அங்கே மில்டன் ‘சுவர்க்க நீக்கம்’ என்னும் தமது காவியத்தின் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். படித்து முடித்த இளைஞர், சுவர்க்கத்தை இழந்ததைப் பற்றி இவ்வளவு கூறியாயிற்று, அதனை மீண்டும் பெறுவதைப் பற்றிக் கூற இருப்பது என்ன என்று வினவினார். மில்டன் விடை கூறவில்லை. சிறிது நேரம் சிந்தனையில் ஆழ்ந்திருந்து, பின் வேறு பேச்சுக்கு மாறிவிட்டார். சில காலத்தின் பின் இலண்டனில் எல்வூட் அவரைக் கண்டபோது, மில்டன் ‘சுவர்க்க மீட்சி’ என்னும் இரண்டாங் காவியத்தை எடுத்துக் காட்டி, இது உன்னால் விளைந்தது என்ற கருத்துப்பட மொழிந்ததாக எல்வூட்டே எழுதி வைத்திருக்கிறார். அக்காவியம் 1671ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இந்நிகழ்ச்சி ஊன்றி நோக்கத்தக்கது. எல்வூட் தம் கொள்கைப்படி அம்மூத்த கவிஞரை ‘தௌ’ என்றே விளித்தார். ஆயினும் அப்பேச்சில் மரியாதைக் குறைவு சிறிதும் இல்லை. இன்னொரு காவியம் இயற்றுக என்று அவர் சொல்லவில்லை. குறை இருக்கிறது என்றும் சொல்லவில்லை. ஒரு வினாவை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். விடை கூறுவதும் கூறாது விடுவதும் கேட்டவருடைய உரிமையாக இருந்தது. மரியாதை பிரதிப்பெயரை விட்டு வினாவிலே குடியேறக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

குவேக்கர் விரும்பிய சமத்துவம் ஒரு வகையில் வந்தது. ஆனால் அவர்கள் விரும்பிய வழியால் அன்று. எவரையும் புண்படுத்த அஞ்சிய நகர மாந்தர், ஐயம் நேர்ந்த இடமெல்லாம் ‘யூ’ என்ற உயர் சொல்லையே வழங்கினர். பதினெட்டாம் நூற்றாண்டளவிலே நகரத்துப் பேச்சு வழக்கில் ‘தௌ’ அருகி, வழிபாட்டிலும் செய்யுளிலும் சில நாட்டுப்புறப் பேச்சுக்களிலும் ஒதுங்கிவிட்டது. யாவரும் தாழ்த்தப்படவில்லை; யாவரும் உயர்த்தப்பட்டனர். ஆனால் யாவருக்கும் உரியதாகிவிட்ட சொல் ஒருவருக்கும் தனிச் சிறப்பைத் தருவதில்லை. எனவே பணிவு வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

அவ்விடம் துணை வினைகளிலே கிடைத்தது. ‘ஷல்’ என்னும் சொல்லின் பழம்பொருள் கடமைப்பட்டிருத்தல். ‘வில்’ என்பதன் பழம்பொருள் விரும்புதல். 1653ஆம் ஆண்டிலே ஜோன் வொலிஸ் என்னும் கணித அறிஞர், பிறநாட்டாருக்காக இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இவ்விரண்டின் வேறுபாட்டை விதிப்படுத்தினார். ‘ஷல் வீ கோ’ என்று கேட்பவர், போவது நம் கடனாகுமா என்று மற்றவருடைய தீர்ப்பைக் கோருகின்றார். தமிழிலே ‘போவோம்’ என்பதனோடு ஓர் ஆகாரத்தைச் சேர்த்துப் ‘போவோமா’ என்பது போன்றதே அது. அந்த ஓரெழுத்து, கட்டளையைக் கலந்துரையாடலாக மாற்றிவிடுகின்றது.

‘வுட்’, ‘குட்’, ‘மைட்’ என்பன இன்னும் நுட்பமானவை. இவை பிறப்பால் இறந்தகால வடிவங்கள். நடந்து முடிந்தது எட்ட நிற்பது போல, இவ்வடிவங்களிற் சொல்லப்படும் யோசனையும் கேட்பவரை நெருக்காது எட்ட நிற்கின்றது. தமிழிலே ‘வந்தால் நல்லது’ என்னும்போதும், இனி நிகழ வேண்டிய செயலுக்கு ‘வந்து’ என்னும் இறந்தகால அடியே பயன்படுவதை இங்கே ஒப்பு நோக்கலாம். ‘பிளீஸ்’ என்னும் சொல்லும், உமக்கு விருப்பமாயின் என்னும் பொருள்பட்ட நீண்ட தொடரின் எச்சமேயாகும். பிரெஞ்சுத் தொடரொன்றின் சாயலில் அமைந்தது. முன்னே அவ்விடத்தில், வேண்டுகின்றேன் என்னும் பொருளுடைய ‘பிரே’ என்ற சொல் பெரிதும் வழங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘பிளீஸ்’ அதனை வென்றது. எனினும் அது சிறப்பாக வேண்டுகோளுக்கு உரிய சொல்லேயன்றி யோசனைக்கு உரியதன்று. ஏவல் வினையின் அருகே அதனை நிறுத்தினால் ஏவலின் ஓசை தணியும், ஏவல் நீங்காது.

இவ்வழியே வளர்ந்த தொடர்கள் சில, சொல்லுக்குச் சொல் பொருள் கொள்வோரை மயக்குவன. ‘வை டோன்ட் யூ ரெஸ்ட்’ என்று ஒருவர் கூறினால், ஏன் ஓய்வெடுப்பதில்லை என்று அவர் குற்றம் சாட்டவில்லை; ஓய்வெடுக்கலாமே என்று பரிவோடு யோசனை கூறுகின்றார். அதற்குக் காரணங்களை அடுக்கி விடை கூறுவது பொருந்தாது. ‘வுட் யூ மைண்ட்’ என்று தொடங்கிச் சாளரத்தைத் திறக்குமாறு கேட்பவருக்கு, ‘யெஸ்’ என்று விடை கூறினால் மறுத்ததாகும். ‘நோ’ என்று கூறினால் இணங்கியதாகும். அவ்வினாவின் பொருள், அது உமக்கு இடையூறாகுமா என்பதே. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்கி ஓர் அழைப்பை மறுப்பவர் எதற்கும் அஞ்சவில்லை; மறுக்க நேர்ந்ததற்கு வருந்துகின்றார்.

யோசனை கூறுதலினும் அதற்கு மறுமொழி கூறுதல் அரிது. இணங்குவதினும் மறுப்பது அரிது. இணங்குபவர், நல்ல யோசனை என்று ஒரு சொற் சொன்னாற் போதும். மறுப்பவரோ முதலில் நன்றி கூறி, பின் வருத்தம் தெரிவித்து, காரணம் காட்டி, இயலுமாயின் மாற்று வழி ஒன்றையும் முன்வைக்கின்றார். யோசனையைத் தள்ளும்போது யோசனை கூறியவரைத் தள்ளிவிடாதிருப்பதே இவ்வளவுக்கும் நோக்கம்.

ஆங்கிலத்திலே புகழ்பெற்ற மறுப்புரை ஒன்று உண்டு. சாமுவேல் ஜோன்சன் 1747ஆம் ஆண்டில் தமது அகராதியின் திட்டத்தைச் செஸ்டர்பீல்ட் பிரபுவை முன்னிலைப்படுத்தி வெளியிட்டார். பெரிய ஆதரவு எதுவும் வரவில்லை. ஆண்டுகள் பல உழைத்து அகராதி நிறைவெய்தும் தறுவாயிலே, அப்பிரபு பத்திரிகையொன்றில் அதனைப் பாராட்டி இரு கட்டுரைகள் எழுதினார். 1755ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள் ஜோன்சன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நீரிலே தத்தளிப்பவனைப் பார்த்திருந்துவிட்டு, அவன் கரையேறிய பின் உதவ வந்து சுமையாகின்றவர்தாம் புரவலரோ என்னும் கருத்தில் அதிலே ஒரு வினா உண்டு. பிரபுவின் ஆதரவு இனி வேண்டியதில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்குகிறது. ஆயினும் கடிதத்தில் ஒரு வசைச் சொல்லும் இல்லை. மிகப் பணிவும் கீழ்ப்படிவும் உடைய ஊழியன் என்றே அது முடிகிறது. பிரபு அக்கடிதத்தை மறைக்காமல் மேசைமேல் வைத்து, வந்தவர்க்கெல்லாம் காட்டி அதன் நடையை வியந்தாராம். மரியாதை என்பது கருத்தை மழுக்குவதன்று என்பதற்கு இக்கடிதம் சான்று.

கடல் கடந்த அமெரிக்காவிலே இந்நயம் பொதுவாழ்வுக்கு உரிய ஒழுங்காகவே வகுக்கப்பட்டது. 1727ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்கிளின் நண்பர்களோடு ஒரு விவாத சங்கத்தை நிறுவினார். எக்கருத்தையும் முடிந்த முடிபாகச் சாதித்துப் பேசுதலும், நேருக்கு நேர் மறுத்துப் பேசுதலும் அங்கே நாளடைவில் தடுக்கப்பட்டன. மீறியோர் சிறு தண்டப்பணம் செலுத்த வேண்டியிருந்தது. பிராங்கிளினும் ‘நிச்சயமாக’, ‘ஐயமின்றி’ என்னும் சொற்களை விட்டு, ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று பேசப் பழகினார். 1787ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள், அமெரிக்க அரசியலமைப்பு மாநாட்டின் இறுதிக் கூட்டத்தில், 81 வயதினராகிய அவருடைய உரை இன்னொருவரால் வாசிக்கப்பட்டது. அரசியலமைப்பின் சில பகுதிகளில் தமக்கு உடன்பாடில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் தமது தீர்ப்புப் பிழையற்றது என்னும் எண்ணத்தைத் தம்மோடு சேர்ந்து ஒவ்வொருவரும் சிறிது ஐயுறுமாறு வேண்டினார். மூவர் அப்போதும் மறுத்தனர். முப்பத்தொன்பதின்மரின் கையெழுத்து அவ்வாவணத்தில் இடம்பெற்றது.

இலங்கையிலும் பிரித்தானிய ஆட்சிக் காலத்து அலுவலகக் கடிதங்கள், கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்னும் முடிப்போடு சென்றன. மேலதிகாரி கீழதிகாரிக்கு மறுப்பு எழுதும்போதும் அதுவே முடிப்பு. பொருள் வற்றி ஓடு மட்டும் எஞ்சிய மரியாதை அது. உயிருள்ள மரியாதையோ, ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவரை நோக்கிப் புதிதாகச் செய்யப்பட வேண்டியது.

இவற்றின் அடிப்படையை அறிஞர் ஆராய்ந்தபோது, தமிழும் அவ்வாராய்ச்சியில் இடம்பெற்றது. 1955ஆம் ஆண்டிலே ஏர்விங் கொஃப்மன் என்னும் சமூகவியலாளர், மக்கள் பேச்சிலே தத்தம் ‘முகத்தைக்’ காத்துக்கொள்ளும் முறையைப் பற்றி எழுதினார். அக்கருத்தை விரித்துப் பெனலோப்பி பிரவுண், ஸ்டீபன் லெவின்சன் என்னும் இருவர் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 1987ஆம் ஆண்டிலே தனிநூலாயிற்று. ஆங்கிலமும், மெக்சிக்கோ நாட்டு மாயர் மொழிகளுள் ஒன்றாகிய செல்ராலும், கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூரொன்றின் தமிழும் அவர்கள் ஒப்பிட்ட மூன்று மொழிகள். மற்றவர் மதிக்க வேண்டும் என்னும் விருப்பமும், மற்றவர் தடுக்காதிருக்க வேண்டும் என்னும் விருப்பமும் எவர்க்கும் உண்டு. இவ்விரண்டையும் காப்பதே மரியாதை என்பது அவர்கள் கண்ட முடிபு. முகங்கொடுத்துப் பேசுதல், முகம் முறியப் பேசுதல் என்னும் வழக்குகளை உடைய தமிழருக்கு இது புதிதன்று. மறுக்க விரும்பியும் மறுக்கமாட்டாத நிலைக்கு ‘முகதாட்சண்யம்’ என்று பெயரே இட்டிருக்கிறார்கள். முகதாட்சண்யத்தால் இணங்கியவர் உண்மையில் இணங்கவில்லை. மறுக்க இடமின்றிப் பெற்ற இணக்கம் நிலைப்பதுமில்லை.

ஆயினும் இந்நயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1982ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், பனி பொழிந்துகொண்டிருந்த வொஷிங்டன் நகர விமான நிலையத்திலிருந்து ஏர் புளோரிடா நிறுவனத்தின் விமானம் ஒன்று புறப்பட்டது. கருவியின் உணர்குழாய்களிற் பனி அடைத்திருந்தமையால், இயந்திரத்தின் உண்மையான வலுவிலும் கூடுதலான வலுவை அக்கருவி காட்டிற்று. ஓடுபாதையில் விரைந்துகொண்டிருக்கும்போதே, அளவு சரியாகத் தோன்றவில்லை என்று துணை விமானி மீண்டும் மீண்டும் குறிப்பாகச் சொன்னார். நிறுத்துக என்று அவர் சொல்லவில்லை. தலைமை விமானி நிறுத்தவுமில்லை. விமானம் எழும்பிச் சில கணங்களிற் பாலமொன்றில் மோதிப் பொட்டோமாக் ஆற்றின் உறைபனியில் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 74 பேரும் பாலத்தின்மேல் இருந்த நால்வரும் உயிரிழந்தனர். பின்னர் இத்தகைய விபத்துக்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த சார்லட் லிண்டே என்னும் மொழியியலாளர், கீழ்ப்பதவியினர் தம் யோசனையை மிகுதியும் தணித்துக் கூறுவதையும், தணித்துக் கூறிய யோசனைகள் மிகுதியும் கேட்பாரற்றுப் போவதையும் 1988ஆம் ஆண்டிலே எடுத்துக் காட்டினார்.

விமானிகளுக்குப் பேசும் முறையைப் பயிற்றும் ஏற்பாடு, 1979ஆம் ஆண்டிலே அமெரிக்க விண்வெளி நிறுவனம் நடத்திய கருத்தரங்கின் பின்னர்த் தொடங்கிப் படிப்படியாக உலகெங்கும் பரவியது. அப்பயிற்சியிற் கற்பிக்கப்படும் ஒழுங்கு எளிது. முதலில் தலைவரைப் பெயரோ பதவியோ சொல்லி அழைக்க வேண்டும். தம் கவலையை வெளிப்படையாகக் கூறவேண்டும். கண்ட குறை இன்னதென்று சொல்ல வேண்டும். செய்யத்தக்கது இன்னதென்று சொல்ல வேண்டும். இறுதியாக, இதற்கு உடன்பாடா என்று கேட்க வேண்டும்.

முந்நூறு ஆண்டுகளின் முன் எல்வூட் மில்டனிடம் வைத்ததும், ஓர் உயிராபத்தின் நடுவே துணை விமானி தலைவரிடம் வைக்க வேண்டியதும், முடிவில் ஒரு வினாவே. வினாவுக்கு முன்னே கருத்துத் தெளிவாக நிற்க வேண்டும். கருத்துக்குப் பின்னே வினா உண்மையாக நிற்க வேண்டும். முன்னது இல்லையேல் யோசனை கேட்கப்படாமற் போகும். பின்னது இல்லையேல் அது கட்டளையாகிவிடும். ‘நீங்கள்’ என்று விகுதியிலே உயர்த்திவிட்டு, விடைக்கு இடம் விடாது பேசுவதும் உண்டு. ‘யூ’ என்று பொதுச் சொல்லால் விளித்து, விடைக்காகப் பொறுமையோடு காத்திருப்பதும் உண்டு. ஆங்கிலம் கற்கும் தமிழர் அம்மொழியிடமிருந்து பெறத்தக்கது ‘பிளீஸ்’ என்னும் சொல் மட்டுமன்று. அந்தக் காத்திருத்தலும் ஆகும்.